புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், அலுவலகத்தில் மேடம். இரண்டு இடத்திலும் அவளிடம் ஒன்றைக் கேட்டால் பதில் கையோடு வந்துவிடும். "தெரியலை" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு குழுவுக்கு லீடாக இருந்தாள். கீழே வேலை செய்கிறவர்கள் சந்தேகத்தோடு வந்து நாற்காலி ஓரத்தில் நின்றால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லி அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் அவள் அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பங்கு இருந்தது.

தங்கை, சின்னவள், கூரியர் ஆபீஸில் வாடிக்கையாளர் மேசையில் இருந்தவள். "என் பார்சல் எங்கே இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் திரையைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் வேலை. ஒரு நாள் அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். எல்லோரும் வேறு மேசை தேடிப் போனபோது சின்னவள் மட்டும் வேறு மாதிரி யோசித்தாள். பார்சல் எங்கே என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போச்சு, அதைச் சொல்கிற புரோகிராமை எழுதுகிற பக்கம் போகிறேன் என்றாள். முப்பது வயதுக்கு மேல் இது என்ன விளையாட்டு என்று அம்மா முணுமுணுத்தாள். பெரியவள்தான் தங்கைக்காகப் பேசினாள். தன் பழைய லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தாள். அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளும் அவள் கணவரும் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவது வழக்கம். அப்படிப் போன ஒரு நாள், சாப்பாட்டு மேசையின் பாதியைப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் தலையணை கனம். அவற்றில் இரண்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. யாரோ முன்னால் வைத்திருந்தவரின் காப்பிக் கறை ஒன்றில் வட்டமாக இருந்தது. ஒன்று மட்டும் புதிது, டேட்டாபேஸைப் பற்றியது. சின்னவள் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதில் மூழ்கியிருந்தாள்.

"என்னடி இது, வக்கீல் ஆபீஸ் மாதிரி?" என்றாள் பெரியவள்.

படிக்கத்தான் என்று சின்னவள் சொன்னதும் பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை. இந்தத் தொழிலில் புத்தகம் அச்சாகி வெளியே வருகிற அன்றைக்கே பழசு என்றாள். மென்பொருளைச் செய்கிறவர்களே அதற்கான விளக்கத்தை எழுதி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள், டாக்குமென்டேஷன் என்று பேர், காலையில் ஏதாவது மாறினால் மாலைக்குள் அதிலும் மாறிவிடும், எல்லாம் இலவசம், இதை விட்டுவிட்டுக் காகிதத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவளை என்ன சொல்வது என்று கேட்டாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. சொன்ன விதத்தில்தான் கொஞ்சம் கடைசி வரிசைப் பையனை எழுப்பி நிறுத்துகிற தோரணை இருந்தது.

சின்னவள் கோபப்படவில்லை. இணையத்தில் படித்தால் எங்கே ஆரம்பித்தோம், எங்கே முடிக்கிறோம் என்றே தெரியவில்லை, ஒன்றைத் திறந்தால் பத்து திறக்கிறது, புத்தகத்துக்கு ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது, அது தனக்குத் தைரியமாக இருக்கிறது என்றாள்.

பெரியவளின் கணவர் மருந்துக் கடை நடத்துகிறவர். "எங்க வீட்ல அச்சடிச்ச காகிதத்துக்கு இடமே கிடையாது. நான் மருந்துச் சீட்டைக்கூட ஒளிச்சுத்தான் வைக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் வருவதற்கு முன்பே புத்தகங்கள் உள்ளறைக்குப் போய்விட்டன.

பெரியவள் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. அன்று வீடு திரும்பும்போதே காரில் உட்கார்ந்தபடி தங்கைக்கு லிங்க் லிங்க்காக அனுப்பினாள். இது அடிப்படை, இது டேட்டாபேஸ், இது கட்டாயம் படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கணவர் வண்டி ஓட்டிக்கொண்டே, இதெல்லாம் நீ படித்ததா என்று கேட்டார். "இதைப் படிக்காமலா இத்தனை வருஷம் வேலை பார்க்கிறேன்?" என்றாள் அவள்.

உண்மை என்னவென்றால் அவள் அவற்றைப் படித்ததில்லை. பொய் சொல்கிறோம் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. வேலையில் எங்காவது இடித்தால் தேடுவாள், எவரோ எங்கோ கேட்ட கேள்விக்கு எவரோ சொன்ன பதில் கிடைக்கும், அதை எடுத்து ஒட்டுவாள், ஓடும். அந்தத் தேடலில் டாக்குமென்டேஷன் பக்கங்களும் எதிர்ப்படும். வேண்டிய வரியைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். தினமும் ஒரு கட்டடத்தைக் கடந்து போகிறவர் அதற்குள் குடியிருந்ததாகவே நினைத்துக்கொள்வதுபோல, அவளும் அதையெல்லாம் படித்தவள் என்றே தன்னை நம்பியிருந்தாள்.

சின்னவள் இரண்டையும் விடவில்லை. காலையில் புத்தகம், மதியம் அக்கா அனுப்பிய லிங்க்குகள். அப்படிப் படிக்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

டேட்டாபேஸ் என்பது தகவல்களைப் போட்டு வைக்கிற இடம். ஒரு கூரியர் ஆபீஸ் என்றால் எந்தப் பார்சல் எப்போது எங்கே வந்தது என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிறகு வேண்டும்போது கேட்டு வெளியே எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது, போட்ட வரிசையிலேயே திரும்ப வருமா? வராது என்றது சின்னவளின் புதுப் புத்தகம். எந்த வரிசையில் வேண்டும் என்று நாம் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் கைக்கு அகப்பட்டபடி அள்ளிக் கொடுக்கும். இன்றைக்கு ஒழுங்காக வந்தது என்பதற்காக நாளைக்கும் வரும் என்று நம்பக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆனால் சின்னவள் லேப்டாப்பில் செய்து பார்த்தபோதெல்லாம், கேட்காமலே அது போட்ட வரிசையில்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கிளம்பும் நேரத்தில் அவள் புத்தகத்தோடு வாசலுக்கு ஓடி வந்தாள். பெரியவள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல இப்படிப் போட்டிருக்கு. ஆனா எனக்கு வரிசையாத்தான் வருது. எது சரி?"

பெரியவள் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அனுபவத்தில் வரிசை தப்பி வந்ததாக ஞாபகம் இல்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவும் இல்லை. "அது பழைய காலத்துக் கதைடி. இப்போ எல்லாம் மாறிப்போச்சு. போட்ட வரிசையிலதான் வரும். இதுக்குத்தான் சொன்னேன், புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழாதேன்னு."

"புதுப் பதிப்புதான்க்கா வாங்கினேன்."

"நான் தினம் அதுலதான்டி வேலை பார்க்கிறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. லிங்க்கில் தேடிப் பார்க்கலாம் என்றிருந்த சின்னவள், அக்காவே சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சின்னவள் வளர்ந்த வேகம் பெரியவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தானாகவே சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதினாள். அம்மாவுக்கு மாத்திரைகளை நேரத்துக்கு ஞாபகப்படுத்த ஒன்று எழுதி, அது அம்மாவை அதட்டுகிற மாதிரி செய்து வைத்திருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சாமான்களை வண்டி வண்டியாக அனுப்புகிறவர்களுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை மாதிரி இருந்தது.

போய் வந்த விஷயத்தை அவள் போனில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அம்மாதான் கிளறினாள். கிடைக்கவில்லை என்றாள் சின்னவள். எல்லாம் நன்றாகத்தான் போனதாம். கடைசியில் ஒரு கேள்வி. ஒவ்வொரு பார்சலும் கடைசியாக எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எழுதிக் காட்டினாள். இதுதான் கடைசித் தகவல் என்று எப்படி நம்புகிறாய் என்று கேட்டார் எதிரே இருந்தவர், தாடி வைத்த ஒருத்தர். போட்ட வரிசையில்தானே வரும் என்றாள் இவள். வராது என்றார் அவர். முன்பு அப்படி, இப்போது மாறிவிட்டது என்று இவள் விடவில்லை. அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். இவள் யோசிக்கவில்லை. உறுதியாகத் தெரிந்த விஷயத்தை எதற்கு யோசிப்பது?

கம்பெனியின் பேரையும் தாடியையும் சேர்த்துப் பார்த்ததும் பெரியவளுக்குத் தாடிக்காரர் யார் என்று புரிந்துவிட்டது. முன்பு அவளிடம் வேலை கற்றுக்கொண்டு போனவன்தான். அவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லவே வாயைத் திறந்தாள்.

அதற்குள் சின்னவள், "அப்புறம் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. வரிசையா வராதுன்னு அதுல போட்டிருந்துச்சு. எங்கே படிச்சீங்க மாறிடுச்சுன்னு கேட்டாரு. எங்கேயோ படிச்சேன், ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு, சாதாரணமாகச் சொல்வதுபோல, "நீ எனக்கு ஒரு லிங்க் அனுப்பினியே, கட்டாயம் படின்னு. அதே பக்கம்தான்" என்றாள்.

பெரியவள் திறந்த வாயில் சோற்றை வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. தோல்வி மட்டும் புரிந்தது. அக்கா அவ்வளவு தூரம் சொல்லிக்கொடுத்தாளே, வேலையை விட்டுவிட்டு உனக்காக எத்தனை அனுப்பினாள், கவனமாகப் படித்திருந்தால் இப்படி ஆகுமா என்று சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் ஒரே ஒரு முறை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. நீ ஏதாவது சொல்லப்போகிறாயா என்று காத்திருக்கிற பார்வை. பெரியவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு மறுபடியும் குடித்தாள். சின்னவள் கண்ணைத் தாழ்த்தி, "ஆமாம்மா, இன்னும் கவனமா படிச்சிருக்கணும்" என்றாள்.

கை கழுவிவிட்டுப் பெரியவள் உள்ளறைக்குப் போனாள். புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. டேட்டாபேஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கச் சிரமமே இல்லை. வேறெங்கும் அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகத்தில் அங்கே மட்டும் ஒரு பத்தியின் குறுக்கே பென்சில் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், "பழசு. இப்போ மாறிவிட்டது. அக்கா." என்று இருந்தது. அவள் போனை எடுத்துத் தான் அனுப்பிய லிங்க்கையும் திறந்தாள். அதே விஷயம், ஏறக்குறைய அதே வார்த்தைகள். புத்தகமும் இணையமும் இதில் சண்டை போட்டுக்கொள்ளவே இல்லை. எதைத் திறந்து பார்த்திருந்தாலும் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவள் இரண்டையுமே திறக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. தன்னுடைய பழைய புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வரிசை கேட்காமலே வரிசையை நம்பி எழுதிய இடங்கள் ஒன்றிரண்டு இல்லை. இவ்வளவு நாள் எதுவும் கவிழாமல் ஓடியது வெறும் அதிர்ஷ்டம். காது மடல் சூடானது. ஒவ்வொன்றாகத் திருத்தினாள். என்ன திருத்தினோம் என்று எழுத வேண்டிய இடத்தில் "சிறு மாற்றம்" என்று மட்டும் போட்டாள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது எதற்கு மேடம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். "பார்க்க நீட்டா இருக்கட்டுமேன்னு" என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மதியமே, தங்கைக்கு எப்படியாவது ஈடு செய்ய வேண்டும் என்ற அவசரத்தில், தாடிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பழைய பாசத்தோடு பேசினார். அந்தப் பெண் உங்கள் தங்கையா, சொல்லவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். பிறகு மனம்விட்டுச் சொன்னார். விஷயம் நன்றாகத் தெரிகிறது, கை வேகமாக இருக்கிறது, அந்த ஒரு தப்புக்காக அவளை ஒதுக்கவில்லை. தப்பு எல்லோருக்கும் வரும். தப்பு என்று சொன்ன பிறகும் பிடித்த பிடியை விடாமல் நின்றதுதான் யோசிக்க வைத்தது என்றார்.

"எங்கிருந்து அக்கா அவங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்துச்சு? எந்தப் புத்தகத்துலயும் அப்படிப் போடலையே."

இங்கேதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சொன்னேன் என்று இரண்டு வார்த்தை. அந்தப் பக்கம் இருப்பவன் ஒரு காலத்தில் அவள் நாற்காலி ஓரத்தில் நின்று பதில் வாங்கிப் போனவன். இவ்வளவு நாள் நீங்களே இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தீர்களா என்று அவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான்; ஆனால் மனதில் கேட்பான். அந்த ஒரு கணத்தில் அவள் நாக்கு அவளுக்கு முந்திக்கொண்டது.

"அவ சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் பிடிவாதக்காரி. நீ இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரேன்."

அவர் சரி என்றார். போனை வைத்த பிறகு அவள் வெகு நேரம் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிதானே செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

அந்த வார இறுதிக்குள் சின்னவள் அவளுடைய அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை. கீழே வரவேற்பறையில் உட்காராமல் படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தாள். இன்டர்வியூவுக்குப் போகும் சட்டை. தலை அழுந்த வாரியிருந்தது. 

மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள் என்றாள் சின்னவள். போய் உட்கார்ந்ததும் அவர் சிரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாராம், உங்கள் அக்கா சொன்னார்கள் நீங்கள் கொஞ்சம் பிடிவாதம் என்று, இங்கே குழுவாக வேலை செய்ய வேண்டும், பரவாயில்லையா என்று. நல்ல மனிதர், நல்லவிதமாகத்தான் கேட்டார் என்றாள். இவள் நன்றி சொல்லிவிட்டு, இப்போதைக்கு முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

"எதுக்குடி வேண்டாம்னே? அருமையான வேலை."

"அங்கே நான் என்ன செஞ்சாலும் அவருக்கு நான் உன் பிடிவாதக்காரத் தங்கச்சிதான்க்கா."

படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். ஒருவர் பெரியவளைப் பார்த்து வணக்கம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை சின்னவள் காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவர்கிட்ட நான் உன் பேரைச் சொல்லலை. எங்கேயோ படிச்சேன்னுதான் சொன்னேன். உனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னு. நான் உன்கிட்ட வேலை கேட்கவே இல்லையேக்கா. அன்னைக்கு அம்மா என்னைத் திட்டும்போது, நான்தான் தப்பா சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அதுகூட வேண்டாம். என்னைப் பத்தி இல்லாததைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

   சின்னவள் அக்காவின் தோளில் லேசாகத் தட்டிவிட்டு, நேரமாகுது, பஸ் போயிடும் என்று இறங்கிப் போனாள். அந்தத் தட்டல்தான் தாங்கவில்லை. பெரியவள் மேலே போகாமல் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் தன் முகத்தை அவளால் பார்க்க முடிந்தது. அதில் தெரிந்தவளோடு பேசத்தான் பிடிக்கவில்லை.

அன்றே தாடிக்காரருக்கு மறுபடியும் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தப்பான பதிலைச் சொன்னது தன் வாய்தான், பிடிவாதம் என்றதும் பொய், அவளை நம்ப வைத்ததும் தான்தான் என்றாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். இத்தனை வருஷமும் அக்கா என்றவர். அவள் வேண்டாம் என்றதுமே அந்த இடத்துக்கு வேறொருவருக்குச் சொல்லியாகிவிட்டது, பரவாயில்லை, தங்கையை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று மரியாதையாகப் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். உட்கார்ந்ததும் கோத்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது.

"அம்மா, இவளுக்கு அந்த வேலை போனது என்னாலதான்" என்று போட்டு உடைத்தாள். சின்னவள் கேட்டது, தான் புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது, புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது, அன்று திட்டு வாங்கும்போது தான் வாயை மூடிக்கொண்டிருந்தது, பிறகு போனில் இவளையே பிடிவாதக்காரி என்றது எல்லாவற்றையும் சொன்னாள். தான் அனுப்பிய லிங்க்குகளில் ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை என்பதையும் சொன்னாள். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்தத் தடவை அவர் எந்த ஜோக்கும் அடிக்கவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் பெரியவளின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"உனக்கு இருக்கிற வேலைக்கு நடுவுல அவ சொன்னதைச் சரியா காதுல வாங்கியிருக்க மாட்டே. அவசரத்துல என்ன சொன்னியோ. இவதான் நாலு தடவை கேட்டுத் தெளிவு பண்ணிக்கணும்" என்று சின்னவள் பக்கம் திரும்பினாள். "வாசல்ல கிளம்புறவளைப் பிடிச்சு நிறுத்தியா பாடம் கேட்பாங்க?"

பெரியவளுக்குத் தலையில் யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது. இல்லம்மா, அவள் தெளிவாகத்தான் கேட்டாள் என்று மறுபடியும் ஆரம்பித்தாள். அம்மா, சரி விடு, ஆறிப்போகுது சாப்பிடு என்றாள். இத்தனை நாள் இந்த வீட்டில் எது நடந்தாலும் தப்பு எந்தப் பக்கம் போய் உட்காரும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் எப்போதும் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். நிழலில் உட்கார்ந்திருந்த இவள் அதைப் பார்த்ததே இல்லை.

சின்னவள்தான் முதலில் சிரித்தாள். வருத்தமான சிரிப்பும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "விடுக்கா. நீ சொல்லிட்டே. அம்மாவை மாத்த முடியாது" என்றாள்.

சில மாதங்கள் கழித்துச் சின்னவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. கிடங்குகளில் சரக்கு இருப்பைக் கவனிக்கும் மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி. சேர்ந்து இரண்டாம் நாள்தான் அக்காவிடம் சொன்னாள். முன்கூட்டிச் சொல்லாததற்கு அவள் காரணம் சொல்லவில்லை, பெரியவளும் கேட்கவில்லை. மற்றபடி எல்லாம் பழைய மாதிரியே. ஆபீஸ் கதை, பஸ் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் அக்காவிடம் சொல்வாள். தொழிலில் ஒரு சந்தேகம் என்று மட்டும் வரமாட்டாள். புத்தகங்களை மறுபடியும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வந்துவிட்டாள்; யாருக்காகவும் ஒளிப்பதில்லை.

பெரியவள் தான் அனுப்பிய லிங்க்குகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தாள். அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய், யாரும் வருவதற்குள் கொஞ்சம் படிப்பாள். படிக்கப் படிக்க ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தாள். மாறாக ஒவ்வொரு பக்கத்திலும் யாருக்காவது தான் அடித்துச் சொன்ன ஒரு பதில் எதிரே வந்து நின்றது. யார் யாரெல்லாம் அதை நம்பி எங்கே போய்த் தலை குனிந்தார்களோ, அதை இனிமேல் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆள் வரும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடிவிடுவாள். பிறகு அதற்கும் வெட்கப்பட்டு மறுபடியும் திறந்து வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் ஏதோ யோசனையில் இருந்தாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே சரக்கின் இருப்பைத் திருத்தினால் டேட்டாபேஸ் யாருடையதை வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்கு அன்று முழுவதும் பிடிபடாமல் இருந்திருக்கிறது. கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்குவது தெரிந்தது. பிறகு கேட்டே விட்டாள்.

"அக்கா, உனக்கு இது தெரியுமா?"

அம்மா பெருமையோடு பெரியவளைப் பார்த்தாள். பெரியவளுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு பதில் வந்தது. பாதி தெரியும், மீதியை இட்டு நிரப்பிச் சொன்னால் சரியாகக்கூட இருக்கலாம். அவள் அதை விழுங்கினாள். முகம் சிவந்தது அவளுக்கே தெரிந்தது.

"தெரியலை" என்றாள்.

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. சின்னவள் அக்காவை ஒரு கணம் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஜாடியை அக்கா பக்கம் நகர்த்தினாள்.